போர்க் கடிகாரத்தின் சாட்சியம்

ஐவேளைத் தொழுகையைக் கொண்டு நாளை அளக்கும் நம் இல்லங்களில் கடிகாரத்துக்கு என்றுமே தனி மதிப்பு உண்டு. ஓடுகின்ற கடிகாரத்துக்கு மட்டுமன்று, ஓடாத கடிகாரத்துக்கும் உண்டு. பழைய குடும்பங்கள் பலவற்றில் அலமாரியின் மேல் தட்டில் அத்தர் குப்பிக்கும் பத்திரக் கட்டுக்கும் நடுவே, வார் அறுந்த கைக்கடிகாரம் ஒன்று துணியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். யாருடையது என்று கேட்டால், "எங்கள் பாட்டனார் பட்டாளத்தில் இருந்தபோது கட்டியது" என்ற விடை பெருமிதத்தோடு வரும். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் பணியாற்றியவர்கள் 25 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஆதலின் அத்தகைய கடிகாரம் நம் வீடுகளில் கிடப்பதில் வியப்பில்லை.

அண்மைக் காலமாக இக்கடிகாரங்களைத் தேடித் திரிவோர் பெருகியிருக்கின்றனர். சாதாரணக் கடிகாரத்துக்கு ஒரு விலை. படைவீரன் கட்டியது என்றால் அதற்குப் பன்மடங்கு விலை. விலை ஏறும் இடத்தில் போலியும் முளைக்கும் என்பது வணிகம் அறிந்த நம் மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. பழைய கடிகாரத்தின் முகத்தைச் சுரண்டிப் புதுச் சாயம் பூசி, அம்புக்குறி ஒன்றையும் அச்சிட்டுப் 'போர்க் கடிகாரம்' என்று விற்பது இன்று ஒரு தொழிலாகவே நடைபெறுகிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இத்தகைய கடிகாரங்களுக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்று ஏளனப் பெயர் சூட்டும் அளவுக்கு நம் நாட்டின் பெயர் இதில் கெட்டுப் போயிருக்கிறது.

நான் கடிகாரக்காரன் அல்லன். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலில் மெருகு பூசும் வேலையில் வாழ்நாளைக் கழித்தவன். நெய்வேலிச் சுரங்கத்து வெண்களிமண்ணும், செராமிக் தொழிற்பேட்டையின் சூளைகளும், தொழில்நுட்பம் கற்பிக்கும் கல்வி நிலையமும் எங்கள் ஊருக்குப் 'பீங்கான் நகரம்' என்ற பெயரை ஈட்டித் தந்தவை. சூளைக்கும் கடிகாரத்துக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவலாம். உறவு உண்டு. அந்த உறவே என்னை இத்துறைக்கு இழுத்து வந்தது.

முதல் உலகப் போருக்கு முன்னர், கையில் கடிகாரம் கட்டுவது பெண்களின் அணி வகையாகவே ஐரோப்பாவில் கருதப்பட்டது. ஆடவர் சட்டைப் பையில் சங்கிலியோடு வைத்துக்கொள்வர். பீரங்கி முழக்கம் ஓய்கின்ற அதே நிமிடத்தில் காலாட்படை எழ வேண்டும் என்ற போர்முறை வந்தபோது, பதுங்கு குழியில் ஒரு கையால் பையைத் துழாவிக்கொண்டிருக்க எவருக்கும் நேரமில்லை. எனவே கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறியது. அக்காலக் கைக்கடிகாரங்கள் பலவற்றின் முகப்பு பீங்கானைப் போன்று வெண்மையாக ஒளிர்வதைக் காணலாம். மெல்லிய செப்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பொடியைத் தூவி, ஏறத்தாழ 800 பாகை வெப்பத்தில் சூளையில் உருக்கி எடுத்த எனாமல் அது. அத்தகட்டின் பின்புறத்திலும் எனாமல் இட்டுச் சுடுவர். ஒரு புறம் மட்டும் இட்டால் ஆறும்போது தகடு வளைந்துவிடும். நாங்கள் கிண்ணத்துக்கும் பொம்மைக்கும் இடும் மெருகின் உடன்பிறப்பு என்றே அதனைச் சொல்லலாம்.

சூளையில் வெந்த மெருகுக்கு முதுமை வருவதில்லை. நூறு ஆண்டு கழிந்தாலும் அதன் வெண்மை மஞ்சளாகாது. ஆனால் அது கண்ணாடி, விரிசல் விடும். கடிகாரம் கீழே விழுந்தாலோ, பழுது பார்ப்பவர் முகப்பின் பின்னாலுள்ள கால்களை அழுத்தி வளைத்தாலோ, மயிரிழை போன்ற கோடுகள் ஓடும். அக்கோடுகளைக் கண்டு நான் முகம் சுளிப்பதில்லை. முகப்பில் எங்கேனும் ஓர் இடம் மட்டும் மெருகின்றி மங்கலாகவும், ஊசி முனை பட்டால் கீறல் விழும்படி மென்மையாகவும் இருப்பின், அங்கே உடைந்த எனாமலைச் சூளைக்கு அனுப்பாமல் பசையும் சாயமும் கொண்டு நிரப்பியிருக்கிறார்கள் என்று அறியலாம். நிரப்பியதைச் சொல்லி விற்றால் அது பழுது பார்த்தல். சொல்லாமல் விற்றால் அதற்குப் பெயர் வேறு.

இரண்டாம் போரின் கடிகாரங்கள் வேறு வகையின. பிரிட்டிஷ் அரசு தன் படைக்கெனக் கறுப்பு முகப்பும் அரபு எண்களும் ஒளிரும் முட்களும் கொண்ட கடிகாரங்களைச் செய்து தருமாறு சுவிட்சர்லாந்தின் 12 நிறுவனங்களைக் கேட்டது. ஒமேகா, லாஞ்சின்ஸ், சைமா, ஐ.டபிள்யூ.சி., வெர்டெக்ஸ் முதலியன அவற்றுள் அடங்கும். 1945-இல் அவை வந்து சேர்ந்தன. அவற்றின் பின்மூடியில் 'டபிள்யூ' என்னும் ஆங்கில எழுத்து மும்முறை பொறிக்கப்பட்டிருக்கும். கடிகாரம், மணிக்கட்டு, நீர்புகாமை ஆகிய மூன்றையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. அவற்றோடு அரசின் உடைமை என்பதைக் காட்டும் அம்புக்குறியும், படையின் எண்ணும், நிறுவனத்தின் எண்ணும் இருக்கும். ஒமேகாவின் படை எண் 'ஒய்' என்ற எழுத்தில் தொடங்கும். இந்த அம்புக்குறி நமக்குப் புதியதன்று. சாலையில் செல்லும் நம் இராணுவ வண்டிகளின் எண்பலகையில் மேல்நோக்கி நிற்கும் அம்பை யாவரும் கண்டிருப்பர்.

ஆனால் நம் நாட்டுச் சிப்பாய்களின் வீடுகளிலிருந்து என்னிடம் வருபவை பெரும்பாலும் இவையல்ல. 1886 முதல் இந்தியச் சந்தைக்கெனவே கடிகாரங்களை அனுப்பி வந்த 'வெஸ்ட் எண்ட் வாட்ச்' என்னும் சுவிஸ் நிறுவனத்தின் 'சவார்' வகையே மிகுதி. சவார் என்பது பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்த சொல். குதிரை வீரனைக் குறிக்கும். முகப்பில் பம்பாய், கல்கத்தா என்ற ஊர்ப் பெயர்களைத் தாங்கிய கடிகாரங்களும் உண்டு. விடுதலைக்குப் பின்னர் வந்தவை எச்.எம்.டி. நிறுவனத்தின் கடிகாரங்கள். ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய அத்தொழிற்சாலையின் 'ஜவான்', 'பைலட்' ஆகியவை வீடுதோறும் அறிமுகமானவை. அக்கடிகாரப் பிரிவை மூடுவதென்று 2016-இல் மைய அரசு முடிவெடுத்த பின் அவற்றின் விலை ஏறியது, போலியும் ஏறியது. 'பைலட்' என்று பெயர் இருப்பதனாலேயே அதனை விமானி ஒருவர் கட்டியிருந்தார் என்று கொள்வது, 'சுல்தான்' என்று பெயரிட்ட மளிகைக் கடையை அரண்மனை என்று கொள்வதற்கு ஒப்பாகும்.

இனி, இவற்றைப் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். வாங்குவோர் முதலில் முகத்தைப் பார்க்கின்றனர். ஏமாற்றுவோரும் அதனை அறிந்தே முகத்தில் கை வைக்கின்றனர். எனவே நான் முதுகிலிருந்து தொடங்குவேன்.

பின்மூடியின் எழுத்துகள் ஆழமாகவும் கூர்மையாகவும் உள்ளனவா, அன்றித் தேய்ந்து நீர்க்கோடாகி விட்டனவா என்று காண வேண்டும். எழுத்தும் சுற்றியுள்ள உலோகமும் ஒரே சீராகத் தேய்ந்திருப்பின் அது உழைப்பின் தேய்மானம். உலோகம் பழையதாகி அம்புக்குறி மட்டும் நேற்று வெட்டியதுபோல் பளபளத்தால் ஐயம் கொள்ளல் தகும். அடுத்து, வார் மாட்டும் காதுகள். அவற்றின் விளிம்புகள் தொழிற்சாலையில் செதுக்கிய கூர்மையோடு இருக்க வேண்டும். மெருகேற்றும் சக்கரத்தில் பலமுறை பிடித்த கடிகாரத்தின் காதுகள் சோப்புக் கட்டிபோல் வழுவழுத்து மெலிந்திருக்கும். கீறல்கள் நிறைந்த உடல் எனக்கு மகிழ்ச்சியே தரும்; அக்கீறல்களை எவரும் அழிக்கவில்லை என்பதே அதன் பொருள். படைக்கென்று செய்தவை பலவற்றில் வார் மாட்டும் கம்பி கழற்ற இயலாதவாறு காதுகளோடு இணைக்கப்பட்டிருக்கும். கம்பி கழன்றால் கடிகாரம் போர்க்களத்தில் தொலைந்துவிடும் அல்லவா?

பிறகு பின்மூடியைத் திறந்து பொறியைப் பார்க்க வேண்டும். இதனைக் கைதேர்ந்த கடிகாரக்காரரே செய்தல் நலம். பொறியில் பொறித்த பெயரும் முகப்பில் உள்ள பெயரும் இசைகின்றனவா? தகடுகள் யாவும் ஒரே நிறத்தனவா, அன்றி ஒன்று பொன்னிறமும் ஒன்று வெண்ணிறமுமாக வெவ்வேறு கடிகாரங்களிலிருந்து கூட்டிச் சேர்த்தவையா? திருகாணிகளின் தலைப்பிளவு சிதைந்திருக்கிறதா? துரு உண்டா? சாவி கொடுத்துப் பஜ்ருக்கு வைத்தால் மறுநாள் பஜ்ர் வரை நின்றுவிடாமல் ஓடுகிறதா? படுக்க வைத்தால் ஒரு நேரமும் நிறுத்தி வைத்தால் வேறொரு நேரமும் காட்டுகிறதா? இவை உடல்நிலையைப் பற்றிய கேள்விகள். 'நீர் புகாது' என்று பொறித்திருப்பதை நம்பி உளூச் செய்யும்போது கழற்றாமல் இருப்பது மட்டும் கூடாது. அதன் உள் வளையங்கள் எழுபது எண்பது ஆண்டுகளில் இறுகி வெடித்திருக்கும்.

இறுதியாக முகப்பு. கண்ணில் பொருத்தும் பூதக் கண்ணாடி கொண்டு எழுத்துகளின் விளிம்பைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலை எழுத்து சீராக நிற்கும்; கடையில் மறுபடி அச்சிட்ட எழுத்து தடித்துக் கசியும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேர்ப்படாமல் விலகி நிற்கும். ஆறு மணிக்குக் கீழே சுவிஸ் நாட்டின் பெயர் காணாமற் போயிருக்கலாம், அல்லது பாதி வெட்டுண்டிருக்கலாம். முகப்பின் ஓரத்தில் அரத்தால் இட்ட சிறு வெட்டு ஒன்று இருப்பதும் உண்டு; மறு அச்சுக்கு நேர் பார்க்கப் பட்டறையில் இடும் அடையாளம் அது.

முகப்பில் இன்னொன்று உண்டு. அதனைப் பற்றி எச்சரிக்கையாகவே பேச வேண்டும். இருளில் ஒளிர்வதற்காக அக்காலத்தில் எண்களிலும் முட்களிலும் ரேடியம் கலந்த பூச்சு இட்டனர். ரேடியத்தின் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1600 ஆண்டுகள் ஆகும். ஆனால் அக்கதிரை ஒளியாக மாற்றும் துத்தநாகப் பொருள் சில பத்தாண்டுகளில் களைத்துவிடுகிறது. ஆகவே உண்மையான போர்க்காலக் கடிகாரம் இன்று இருளில் ஒளிர்வதில்லை; அதன் பூச்சு பழுப்பேறி, கருகிய மாவுபோல் காணும். 1944-ஆம் ஆண்டுக் கடிகாரம் என்று ஒருவர் தருவது விளக்கொளி காட்டியவுடன் பச்சையாக நெடுநேரம் ஒளிர்ந்தால், அந்த ஒளியே அதற்கு எதிரான சாட்சி. பூச்சு புதிது.

ஒளி போயினும் நஞ்சு போகவில்லை என்பதை மறத்தல் ஆகாது. 1920-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் தீட்டிய இளம் பெண்கள், தூரிகையின் நுனியை உதட்டால் கூராக்கும்படி பழக்கப்பட்டிருந்தனர். தாடை எலும்பு அரிக்கப்பட்டும் குருதி குன்றியும் அவர்களுள் பலர் மாண்டனர். அவர்களில் ஐவர் தொடுத்த வழக்கு 1928-இல் இழப்பீட்டோடு முடிந்தது. மூடிய கடிகாரத்தால் பெரிய கேடில்லை. திறந்து சுரண்டினால் அத்தூள் மூச்சில் ஏறும். ஆதலின் அதனை வீட்டில் திறக்க வேண்டா. குழந்தைகளின் கையில் தர வேண்டா. படுக்கையறையில் வைக்க வேண்டா.

மாற்றப்பட்டவை யாவும் போலியென்று ஒதுக்குவதும் நீதியன்று. கண்ணாடி, வார், சாவித் திருகு, உள்ளிருக்கும் வில் ஆகியவை தேயும், மாற்றத்தான் வேண்டும். மேற்சொன்ன 1945-ஆம் ஆண்டுக் கடிகாரங்கள் சிலவற்றின் ரேடிய முகப்பைப் பிரிட்டிஷ் படையே பிற்காலத்தில் கழற்றிவிட்டு, கேடு குறைந்த டிரிட்டியம் பூசிய முகப்பை இட்டது. வட்டத்துக்குள் 'டி' என்ற ஆங்கில எழுத்து அதன் அடையாளம். அம்முகப்பு பிறவி முகப்பன்று. எனினும் அக்கடிகாரம் படையில் உழைத்த வரலாற்றின் ஒரு பகுதி. ஆகவே பிறவியிலேயே உள்ளது, பணியின்போது மாற்றியது, விலைக்காக மாற்றியது என்று மூன்றாகப் பிரிப்பது என் வழக்கம். முதல் இரண்டும் நடந்ததைச் சொல்கின்றன. மூன்றாவது நடவாததைச் சொல்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எழுபது வயது கடந்த ஓர் அம்மையார் தம் மகனோடு என் இல்லத்துக்கு வந்தார். பேத்தியின் செவிலியர் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. தம் தந்தையாரின் கடிகாரத்தை விற்க எண்ணியிருந்தார். "எங்கள் அத்தா பர்மாவில் கட்டியிருந்தது, தம்பி. சென்னையில் ஒருவர் நல்ல விலை சொல்லியிருக்கிறார். உள்ளதைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

சவார் கடிகாரம் அது. உடல் பழையது, பொறி பழையது. இரண்டும் ஒன்றுக்கொன்று இசைந்தவை. முகப்போ அப்பழுக்கற்றுக் கறுப்பாக மின்னியது, நடுவில் அம்புக்குறி. விளக்கை அணைத்ததும் எண்கள் பச்சையாக ஒளிர்ந்தன. பின்மூடியில் படையின் எண் எதுவும் இல்லை. நான் பேசுமுன்னரே அந்த அம்மையார் கடிகாரத்தை வாங்கி உற்றுப் பார்த்தார். "அத்தாவின் கடிகாரம் வெள்ளை முகமாயிற்றே! நாலு மணிக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு கறை இருக்கும். சிறு பிள்ளையில் அவர் மடியில் உட்கார்ந்து கண்ணாடிமேல் விரலால் அதைத் தொடுவேன். அது எங்கே?" என்று கேட்டார்.

மகன் தலை குனிந்தார். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று ஒரு பட்டறையில் கொடுத்ததாகவும், அம்பு போட்டால் விலை கூடும் என்று அவர்கள் சொன்னதாகவும் கூறினார். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பிளேடால் பழைய பூச்சைச் சுரண்டி, வாயால் ஊதித் தள்ளியதைத் தம் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார். போன கறையைவிட அந்தப் பையனின் மூச்சே என்னை அதிகம் வருத்தியது.

நான் கண்டதைச் சொன்னேன். கடிகாரம் உண்மையானது; அம்பு பொய்யானது. படை வழங்கிய கடிகாரம் என்பதற்கு அதில் சான்றில்லை. பர்மா சென்ற ஒரு சிப்பாய் தம் சம்பளத்தில் வாங்கிக் கட்டிய கடிகாரமாக அது இருக்கலாம். அரசு கொடுத்ததைக் கட்டியவரைவிட, தாமே வாங்கிக் கட்டியவர் எவ்வகையிலும் குறைந்த வீரர் அல்லர். ஆனால் சேகரிப்போர் சந்தையில் படையின் கடிகாரத்துக்கு ஒரு விலை, வீரனின் கடிகாரத்துக்கு வேறொரு விலை. சென்னைக்காரர் சொன்ன விலை அந்த அம்புக்கு உரியது.

"நாம் எதுவும் சொல்ல வேண்டாம், அம்மா, வாங்குகிறவர் பார்த்துத்தானே வாங்குகிறார்?" என்றார் மகன். அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அத்தா கையில் இருந்த பொருளைக் கொண்டு பொய் சொல்லிப் பிள்ளைக்குப் படிப்புப் பணம் கட்டுவதா?" என்று மட்டும் கேட்டார். முகப்பும் அம்பும் ஒளிப்பூச்சும் புதியவை என்று ஒரு தாளில் எழுதித் தருமாறு என்னைக் கேட்டுக்கொண்டார். எழுதித் தந்தேன். சென்னைக்காரர் விலகிக்கொண்டார். வேறொருவர் அத்தாளோடு சேர்த்து அதனை வாங்கினார். முன்னர் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. எஞ்சிய தொகைக்கு மகன் தம் மோட்டார் சைக்கிளை விற்றார் என்று பின்னர் அறிந்தேன்.

பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையிட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்கலாகாதா என்று வணிகரைக் கேட்ட நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். தானியம் நனைந்ததற்காக அவ்வணிகர் கண்டிக்கப்படவில்லை. மழை எல்லோருக்கும் பெய்கிறது. நனைந்ததை மறைத்ததற்கே கண்டனம். மறைத்து விற்ற குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை நம் பிக்ஹுச் சட்டம் வாங்கியவருக்கு வழங்குகிறது. 'கியாருல் ஐப்' என்று அதற்குப் பெயர். பழங்கடிகார வணிகத்துக்கு இதைவிடப் பொருத்தமான விதியை நான் கண்டதில்லை.

ஆதலின் அலமாரியில் பழைய கடிகாரம் வைத்திருக்கும் குடும்பத்தார்க்கு என் வேண்டுகோள் சிலவே. மெருகேற்ற வேண்டா. முகப்பை மாற்ற வேண்டா. ஓட வைக்க விரும்பினால், மாற்றிய உறுப்புகளைத் திருப்பித் தரும் நாணயமான கடிகாரக்காரரிடம் பொறியை மட்டும் துப்புரவு செய்யக் கொடுங்கள். ரேடியம் பூசியது என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். யார் கட்டியது, எந்தப் படைப்பிரிவு, எந்த ஊரில் வாங்கியது என்பனவற்றை, அறிந்த பெரியவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதி, அவருடைய பணிச்சான்றின் படியோடு சேர்த்து வையுங்கள். கடிகாரத்தின் மேல் அச்சிட்ட அம்பைவிட அந்தத் தாள் வலிமையான சான்று. விற்க நேர்ந்தால் தாளையும் சேர்த்தே விற்பனை செய்யுங்கள்.

எங்கள் சூளையில் சில வேளைகளில் மெருகு சுருங்கி வலைபோல் வெடித்த கிண்ணங்கள் வெளிவரும். அவற்றை 'இரண்டாந் தரம்' என்று தனியே அடுக்கி, குறைந்த விலை எழுதி வைப்போம். அவற்றைக் கேட்டு வாங்கிச் செல்வோரும் இருந்தனர். எவரும் திரும்பி வந்து சண்டையிட்டதில்லை.